நெட் எந்த வளைவில் நின்றுவிட்டது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கலஹா டவுனுக்கு மேலே தேயிலை மலைக்குள் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஓர் ஆசிரியை.

"தம்பி, நெட் செத்துப்போச்சு. புள்ளைக்கு ஒம்பது மணிக்கு ஸூம் கிளாஸ். நேத்து பகல் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"உங்க போன்ல வட்ஸ்அப் வேலை செய்யுதா டீச்சர்?"

"செய்யுது. அதனாலதான் சொல்றேன், கம்பியூட்டர்லதான் பிழை. ஃபோர்மட் பண்ணிருவோமா?"

பாவம் கம்பியூட்டர். வீட்டில் நெட் நின்றால் முதல் பழி அதன் தலையில்தான் விழும். அந்த போனில் மொபைல் டேட்டா திறந்திருந்தது. வீட்டு வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் சத்தமில்லாமல் கோபுரத்துச் சிக்னலுக்குத் தாவி வட்ஸ்அப்பை ஓட்டிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். வட்ஸ்அப்பும் நின்றது. கம்பியூட்டர் குற்றவாளி இல்லை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனையைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டும். ஒரே வைஃபையில் இருக்கிற இரண்டு கருவிகளுக்கும் நெட் இல்லையென்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. போனுக்கு வந்து கம்பியூட்டருக்கு மட்டும் வரவில்லையென்றால் கம்பியூட்டருக்குள்ளே தேட வேண்டும். எதையும் கழற்றுவதற்கோ அழிப்பதற்கோ முன்பு இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். கண்டிக்குப் போகிற பஸ் வரவில்லையென்றால் அது கலஹாவிலேயே புறப்படவில்லையா, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதா என்றுதானே முதலில் விசாரிப்போம்?

நெட்டுக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. கம்பியூட்டரிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து கம்பனி, கம்பனியிலிருந்து வெளியுலகம். முதல் துண்டு நம் வீட்டுக்குள், இரண்டாவது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நம் மலையில். மூன்றாவது கடலுக்கடியில் போகிறது. அப்படி ஒரு கேபிள் 2006இல் போடப்பட்டது, கல்கிசையிலிருந்து தூத்துக்குடிக்கு. நம் பாட்டன் பாட்டிமார் பலர் கப்பல் ஏறிய அதே தூத்துக்குடி. அந்த மூன்றாவது துண்டு அறுந்தால் நம்மாலும் ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்து வீட்டுக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அது அபூர்வம். நான் போய்ப் பார்க்கிற கோளாறுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு துண்டில்தான்.

ரவுட்டர் என்கிற அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சுலபம். 1867இல் இங்கே பக்கத்தில், லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்னும் எத்தனையோ லயங்களுக்குத் தனித் தபால் முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், ஆபீசில் பிரித்து, இது இன்ன லயத்துக்கு என்று ஆள் மூலம் அனுப்புவார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமே தாமதமாகி வந்த கதைகளை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது வேறு வேதனை. ஆனால் ரவுட்டர் செய்வது இதே தோட்டத்து ஆபீஸ் வேலைதான். வெளியுலகத்துக்கு உங்கள் வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. உள்ளே இருக்கிற போன், டிவி, கம்பியூட்டர் ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரே ஒரு உள்வீட்டு எண் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண். வெளியிலிருந்து வருகிறதை வாங்கி, எது கேட்டதோ அதற்குக் கொடுக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் கம்பியூட்டரில் ஒரு எண்ணைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். விண்டோஸ் பொத்தானை அழுத்தி சி-எம்-டி என்று மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் போடுங்கள். கறுப்புத் திரை வரும், பயப்பட வேண்டாம். அதில் ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள், எழுத்துகள் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி. வருகிற வரிகளில் ஐபிவி4 முகவரி என்கிற இடத்தைப் பாருங்கள். 192.168 என்றிருந்தால் கம்பியூட்டரும் ரவுட்டரும் பேசிக்கொண்டுவிட்டன. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எண் கொடுக்கவே இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு கம்பியூட்டர் தன் கதவில் தானே ஒரு எண்ணை எழுதிக்கொண்டது. ஆபீசுக்குத் தெரியாத எண், அதற்குக் கடிதம் வராது. அப்போது வைஃபையை அணைத்துப் போடுவது, வயர் என்றால் கழற்றி மாட்டுவது, ரவுட்டரை அணைத்துப் போடுவது என்ற வரிசையில் போங்கள். எந்த எண்ணுமே இல்லாமல் 'தொடர்பறுந்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் வைஃபையே பிடிக்கவில்லை. மடிக்கணினியில் விமானப் படம் போட்ட விசையில் பிள்ளையின் கை பட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், நான் போய்ப் பார்த்த வீடுகளில் அடிக்கடி கண்ட கோளாறு அது.

பழைய கணினி வாங்கிய வீடுகளில் இன்னொன்று. மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபை கிடையாது, யூஎஸ்பி ஓட்டையில் ஒரு குட்டி டொங்கிள் செருகியிருப்பார்கள். மலிவான டொங்கிளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்சில் தனிப் பெயர் வைத்து ஒலிபரப்பினால் போனுக்கு அந்தப் பெயர் தெரியும், கம்பியூட்டருக்குத் தெரியாது. வைஃபை காணாமல் போய்விட்டது என்று நினைப்பீர்கள். பட்டியலில் இருக்கிற மற்றப் பெயரில் இணையுங்கள். கருங்கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீடுகளுக்கு 2.4தான் ஏற்றதும்கூட. வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டி வரும்.

எண் சரியாக இருந்தும் நெட் வரவில்லை என்றால் அதே கறுப்புத் திரையில் அடுத்த வேலை. பிங் என்றொரு கட்டளை இருக்கிறது, பி-ஐ-என்-ஜி. 1983 டிசம்பரில் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலியைப் பார்த்து அந்தப் பெயர் வைத்தார். பள்ளத்தாக்கில் நின்று கூவிவிட்டு எதிரொலி வருகிறதா என்று பார்ப்போமே, அதேதான். முதலில் ரவுட்டருக்குக் கூவுங்கள். ஐபிகான்ஃபிக் காட்டிய பட்டியலில் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் எண் இருக்கும். பல வீடுகளில் 192.168.1.1, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1. பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைத் தட்டுங்கள். நாலு வரி பதில் வந்தால் முதல் துண்டு சரி.

அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுள் 2009இல் திறந்து வைத்த பொதுக் கணினியின் எண். ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லவில்லையென்றால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால். இரண்டும் பதில் சொல்லியும் பிரவுசரில் ஒன்றும் திறக்கவில்லையென்றால், பாதை திறந்திருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை.

பெயர் தெரியவில்லை என்றால்? தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். கங்காணிக்கு ஆளைப் பெயரால் தெரியும், ஆபீசுக்கு எண்ணால்தான் தெரியும். இரண்டையும் பொருத்துவது செக்ரோல். இணையத்திலும் நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம், கணினிகள் எண்ணால்தான் ஒன்றையொன்று அழைக்கின்றன. நடுவில் பொருத்திக் கொடுக்கிற பட்டியலுக்கு டிஎன்எஸ் என்று பெயர். பொதுவாக உங்கள் கம்பனியின் பட்டியலைத்தான் ரவுட்டர் கேட்கும். அது படுத்துவிட்டால் எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் 'கிடைக்கவில்லை' என்று வரும், நெட்டோ உயிரோடுதான் இருக்கும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் தானியங்கி என்பதை மாற்றி 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்தால் வேறு பட்டியலைக் கேட்கத் தொடங்கும். 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கியது. முட்டாள்கள் தினத்தில் வந்தாலும் நிஜம்தான்.

இனி ரவுட்டருக்கு அப்பால். டீச்சர் வீட்டுக்கு வருவோம். ரவுட்டரில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டேன். "ஒரு சிவப்பு மின்னிக்கிட்டே இருக்கு தம்பி." எல்-ஓ-எஸ் என்று அதன் கீழே எழுதியிருந்தது. ஃபைபர் இணைப்பு உள்ள பெட்டியில் அந்த எழுத்துக்கு மேல் சிவப்பு மின்னினால், கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் பி-ஓ-என் என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிவதுதான் நல்ல நிலை. கம்பியூட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சிவப்பு பச்சையாகாது.

"நேத்து என்ன டீச்சர் செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், நெட் தானாகத்தான் போயிருக்கும்! பிறகு நினைவு வந்தது: பிள்ளை படிக்க மேசை போடுவதற்காகச் சனிக்கிழமை பின்னேரம் அலுமாரியை நகர்த்தியிருந்தார்கள். அலுமாரி சுவரோடு ஒட்டி நின்ற இடத்தில் அந்த மெல்லிய வயர் கூர்மையாக மடிந்து கிடந்தது. செம்புக் கம்பியை மடித்தால் கரண்ட் போய்விடாது. கண்ணாடி இழையை மடித்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். அலுமாரியை ஒரு சாண் இழுத்தார்கள், வயரை விரித்தார்கள். சிவப்பு அணைந்து பச்சை நின்றது. ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது. அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும், இழை முறிந்திருந்தால் கம்பனி ஆள் வந்து ஒட்டும் வரை காத்திருப்பதுதான். அந்த வயரின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது மட்டும் கூடாது. உள்ளே வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர்.

பழைய தொலைபேசிக் கம்பி வழியாக நெட் வருகிற வீடுகளும் இருக்கின்றன. அங்கே சோதனை இன்னும் எளிது. ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டோன் இல்லையென்றால் லைன் அறுந்துவிட்டது. டோனோடு கரகரவென்று சத்தம் கேட்டால், எங்கோ ஒரு இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. மே மாதம் மழை பிடித்த பிறகு இப்படி வரும், இரண்டு நாள் வெயில் அடித்தால் தானே சரியாகும், மறுபடி மழைக்கு மறுபடி வரும். 'மழைக்கு மட்டும் கட்டாகிறது, லைனில் இரைச்சல் கேட்கிறது' என்று கம்பனிக்காரரிடம் சொல்லுங்கள். 'நெட் ஸ்லோ' என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு மலைதான் எதிரி. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முகடு நின்றால் முடிந்தது. ரவுட்டரை மூலையில், டிவிக்குப் பின்னால், சாமிப்படத்துக்குக் கீழே வைக்கிற பழக்கத்தை விடுங்கள். கோபுரம் இருக்கிற பக்கத்து ஜன்னலில், உயரத்தில் வையுங்கள். ஒரு அடி நகர்த்தினால்கூட வித்தியாசம் தெரியும், அதனால் இடம் மாற்றி மாற்றி ஒரு நாள் பொறுமையாகப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் பாடசாலைகளை மூடியபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறியதை நாடே பார்த்தது. அவர்கள் கண்டுபிடித்ததும் இதைத்தான்: முகட்டைத் தாண்டினால் கிடைக்கும்.

கரண்ட் போனால் கோபுரமும் சில மணி நேரத்தில் படுத்துவிடும், அதற்கும் பேட்டரிதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானதாக அமைச்சரே சொன்னார். நம் ஊர்க் குரங்குகள் அந்த அளவுக்குப் பெரிய வேலை செய்வதில்லை, தொலைபேசி வயரில் ஊஞ்சலாடுவதோடு சரி. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, வீதியும் கரண்டும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்குள் கோளாறு தேடுவது வீண். பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கோளாறே இல்லாமல் நெட் நிற்பதும் உண்டு. நம் நாட்டுப் பக்கேஜ்கள் பலவற்றில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று கணக்கு. முடிந்ததும் நெட் அறுபடாது. ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிடம் எடுக்கிற அளவுக்கு மெலிந்துவிடும். பிங்குக்குப் பதில் வரும், வட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் போகும், வீடியோ ஓடாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் கம்பனியின் ஆப்பில் மிச்ச டேட்டாவைப் பாருங்கள். பகல் டேட்டா முடிந்து இரவு டேட்டா மிச்சமிருந்தால், பகலில் செத்த நெட் நள்ளிரவுக்குப் பிறகு பேய் மாதிரி எழுந்து ஓடும். மாதத் தொடக்கத்திலேயே டேட்டா தீர்ந்தால் விண்டோஸ் அப்டேட்டைச் சந்தேகியுங்கள். வைஃபை அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதைத் திறந்துவிட்டால், உங்களைக் கேட்காமல் பெரிய கோப்புகளை இறக்குவது குறையும்.

சில தளங்கள் மட்டும் திறக்காமல் மற்றதெல்லாம் ஓடினால் அது வேறு கதை. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் அரசாங்கம் தடுத்தது. அந்த வாரம் ரவுட்டரை எத்தனை பேர் அணைத்து அணைத்துப் போட்டார்களோ! 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடி, ஒரு நாளுக்கும் குறைவாக. இரண்டு முறையும் ஆட்கள் கண்ட கண்ட இலவச விபிஎன் ஆப்களை இறக்கிக்கொண்டார்கள். தடை போய்விட்டது, ஆப் போகவில்லை. இன்றைக்கும் சில கணினிகளில் அது பின்னால் உட்கார்ந்து, எங்கோ மூடிப்போன ஒரு சேர்வருக்கு எல்லாவற்றையும் அனுப்பப் பார்த்து நெட்டை நிறுத்தி வைத்திருக்கிறது. எண் சரி, பிங் சரி, பிரவுசர் மட்டும் மௌனம் என்றால் விபிஎன்னை நீக்குங்கள். நெட்வொர்க் அமைப்பில் பிரொக்சி என்ற பகுதியில் கையால் அமைத்தது ஏதாவது திறந்திருந்தால் மூடுங்கள்.

எல்லாத் தளமும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று மிரட்டினால் திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய கணினியில் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் கணினி தன் இளமைக் காலத்துக்குத் திரும்பிவிடும். அது 2009இல் இருக்கிறது, தளங்களின் சான்றிதழோ இந்த வருடத்தது. இன்னும் பிறக்காத சான்றிதழை எப்படி நம்பும்? திகதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரி, பேட்டரியை மாற்றினால் நிரந்தரமாகச் சரி. கடிகாரக் கடையில் கிடைக்கும்.

கடைசியில் கம்பனியை அழைக்கத்தான் வேண்டும் என்றாலும் ஒரு காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். ரவுட்டரின் பின்னால் ஒரு சிறு துளை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும். குண்டூசியால் அதைப் பத்துச் செக்கன் அழுத்தினால் பெட்டி பிறந்த நாளுக்குப் போய்விடும். வைஃபை பெயர், கடவுச்சொல், சில இணைப்புகளில் கம்பனி போட்டுக் கொடுத்த பயனர் பெயரும்கூட அழிந்துவிடும். சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிறது. அணைத்து, முப்பது செக்கன் விட்டு, போடுவது வேறு. இந்தத் துளை வேறு. முதலாவதை எத்தனை முறையும் செய்யலாம்.

அழைக்கும்போது கையில் மூன்று விஷயம் இருக்கட்டும்: கணக்கு எண், எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, பிங் எதுவரை பதில் சொல்கிறது. 'ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை, எல்-ஓ-எஸ் சிவப்பு' என்று ஒரே மூச்சில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தன் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு நேரே லைனைப் பார்க்கத் தொடங்குவார். டீச்சர் இதை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறார்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது ரவுட்டரின் கரண்ட் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, ஆனால் அந்தப் பெட்டிக்கும் கரண்ட் பிளக் இருக்கிறது. இடி முழக்கம் கேட்ட பிறகு ஓடிப்போய்க் கழற்றுவதைவிட, மேகம் கறுக்கும்போதே கழற்றுவது நல்லது. கழற்றுமுன் பின்பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று மறுநாள் காலை என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.